பரிசலில் பேசியதும் படகில் கத்தியதும்

போன மாதம் ஒரு நாள் காலை, வேடசந்தூர் ரோட்டில் போக்குவரத்து அப்படியே நின்றுவிட்டது. மில் பஸ்கள் இரண்டு பக்கமும் நிற்கின்றன. ஜன்னல் வழியாகத் தலைகள் எட்டிப் பார்க்கின்றன. செல்போன்கள் மேலே உயர்கின்றன. விபத்தா? ஊர்வலமா? யாராவது அமைச்சர் வருகிறாரா? மூன்றும் இல்லை... ஒரு படகு.

ஆமாம், கடலில் ஓடிய படகு. லாரியின் மேல், நீலமும் மஞ்சளுமாக, மூக்கை டிரைவரின் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கம் மழையே விலாசம் விசாரித்துக்கொண்டு வருகிற பூமி. கடல் பார்க்க வேண்டுமென்றால் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏற வேண்டும். அந்த ஊர் ரோட்டில் படகு போனால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? அந்த லாரியின் முன் சீட்டில், டிரைவருக்கும் முருகேசனுக்கும் நடுவில் நசுங்கியபடி உட்கார்ந்திருந்தவன் நான்தான்.

முருகேசன் என் மனைவியின் தம்பி. வேடசந்தூரைத் தாண்டி ஓர் அணைக்கரை கிராமத்தில் இருக்கிறான். அணையில் தண்ணீர் நின்றால் மீன் பிடிப்பான். நிற்காவிட்டால் மில் வேலை, தோட்ட வேலை, எது கிடைக்கிறதோ அது. இரண்டு வருடமாக அணையில் தண்ணீர் குறையவில்லை. மீன் குத்தகை எடுத்தவர், பெரிய படகாக இருந்தால் இன்னும் இரண்டு வலை கூடப் போடலாமே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அதுவரை பரிசலில் போய்க்கொண்டிருந்த முருகேசனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

பரிசல் தெரியும்தானே உங்களுக்கு? வட்டமாக, பெரிய கூடை மாதிரி இருக்கும். முருகேசனும் அவன் மனைவி தனமும் பதினைந்து வருடமாக அதில்தான் போய் வந்தார்கள். சாயங்காலம் வலை விரிப்பது, விடியற்காலை போய் எடுப்பது. வேலை முடிந்தால் பரிசலைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்துவிடுவான். தூரத்தில் இருந்து பார்த்தால் பெரிய காளானுக்குக் கால் முளைத்து நடப்பது போலிருக்கும்.

“பழைய போட்டு ஒண்ணு ராமநாதபுரம் பக்கம் வெலைக்கு இருக்காம் மச்சான். நீங்க நாலு விஷயம் தெரிஞ்சவரு. கூட வந்து பாத்துச் சொல்லுங்க” என்று கூப்பிட்டான்.

எனக்குத் தெரிந்த நாலு விஷயத்தில் படகு இல்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவன் நம்மை விவரம் தெரிந்தவன் என்று நினைக்கும்போது அதைக் கலைப்பது பாவமில்லையா? போனேன்.

திண்டுக்கல்காரர்கள் நாங்கள் வாழ்க்கையில் செகண்ட் ஹாண்டில் வாங்கியதெல்லாம் பைக், டிராக்டர், ஆட்டோ. அந்தப் பழக்கம் கடற்கரையிலும் விடவில்லை. முருகேசன் படகை இரண்டு சுற்று சுற்றி வந்தான். காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்தான். “சிங்கிள் ஓனரா?” என்று கேட்டான். படகுக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். நான் சும்மா இருந்தால் நன்றாக இருக்காதே என்று, இதுவரை எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருக்கும் என்று விசாரித்தேன். அவர் கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, உங்களுக்கு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும் சிரித்துவிட்டார்.

நல்ல மனுஷர். படகு உறுதியாகத்தான் இருந்தது. பின்னால் மாட்டுகிற சின்ன மோட்டார் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார். அதன் வயது மட்டும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஊருக்கு வந்து சேர்ந்ததும் அடுத்த பிரச்சினை. புது வண்டி என்றால் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்க வேண்டும். அப்படிச் செய்யாத வண்டியை எங்கள் பக்கம் யாரும் தெருவில் இறக்க மாட்டார்கள். படகுக்குச் சக்கரத்துக்கு எங்கே போவது? கரையில் பெரிய வாக்குவாதம். லாரி சக்கரத்தில் வைத்தால் போதும் என்று ஒரு கட்சி. அது லாரிக்காரனுக்குத்தானே சேரும் என்று இன்னொரு கட்சி. கடைசியில் படகுக்கு அடியிலேயே நான்கு பழத்தை வைத்து, ஊரே சேர்ந்து தள்ளியது. மூன்று நசுங்கின. நான்காவது பழம் உருண்டுபோய்த் தண்ணீரில் மிதந்தது. தனத்தின் முகம் கொஞ்சம் மாறியது. நான் பார்த்தேன்.

தனத்துக்கு அந்தப் படகில் ஆரம்பத்திலிருந்தே மனசு ஒட்டவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

முருகேசன் வீட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கு உடனே விளங்கியிருக்கும். இரண்டே அறை. அதில் அவனுடைய அப்பா, அம்மா, கல்யாணமாகாத தம்பி, மகள் கவிதா, பள்ளிக்கூடம் போகும் மகன். இது போக, எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் டி.வி. அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ரகசியமாக ஒரு வார்த்தை பேச முடியுமா? சட்டினிக்கு உப்பு பத்தவில்லை என்று மெதுவாகச் சொன்னால்கூட அதற்கு ஐந்து பேர் பதில் சொல்வார்கள்.

அவர்கள் பேசியதெல்லாம் பரிசலில்தான்.

ஒரு முறை நான் அந்தப் பரிசலில் ஏறியிருக்கிறேன். ஒருவர் வலையை இழுக்க இந்தப் பக்கம் சாய்ந்தால், மற்றவர் அந்தப் பக்கம் சாய வேண்டும். இல்லாவிட்டால் கவிழ்ந்துவிடும். முழங்காலும் முழங்காலும் இடிக்கிற இடம். கோபித்துக்கொண்டு எழுந்து போக வழியில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரவும் முடியாது, பரிசல் தானாகச் சுற்றி மறுபடி பழைய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்தும். மாமியார் சங்கதி, மகன் படிப்பு, வட்டிக்கு வாங்குவதா வேண்டாமா, எல்லாம் அந்தத் தண்ணீர் நடுவில் தாழ்ந்த குரலில் பேசி முடிவாகிக் கரைக்கு வரும். பதினைந்து வருடமாக அவர்களுக்கு இருந்த தனி அறை அது ஒன்றுதான்.

படகு வந்ததும் அது போயிற்று. முருகேசன் பின்னால் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். தனம் வலையோடு முன்னால். நடுவில் பதினெட்டு அடி இருக்கும். அத்தோடு அந்த மோட்டாரின் சத்தம் வேறு... மாவு மில்லே மிதந்து போவது போலிருக்கும். பேச வேண்டுமென்றால் கத்த வேண்டும். கத்தினார்கள். இவ்வளவு இரைச்சலில் நமக்கே கேட்கவில்லை, கரையில் யாருக்குக் கேட்கப் போகிறது என்று தைரியமாகவே கத்தினார்கள்.

தண்ணீருக்கு மேல் சத்தம் எப்படிப் போகும் என்று தண்ணீர் நடுவில் இருப்பவர்களுக்குத் தெரியாது. கரையில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். டீக்கடைக்காரர் ஒரு நாள் முருகேசனிடம், அவன் அம்மா ஒளித்து வைத்துத் தின்கிற அதிரசம் நிஜமாகவே அரிசிப் பானைக்குள்தான் இருக்கிறதா என்று கேட்டாராம். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று முருகேசன் ஆச்சரியப்பட்டான். அம்மாவே சொல்லியிருப்பார் என்று முடிவு செய்துகொண்டான். கெட்டிக்காரன்.

இந்த நிலைமையில்தான் கவிதாவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது.

மாப்பிள்ளை தினேஷ், மில்லில் சூப்பர்வைசர். அணையின் எதிர்க்கரையில்தான் வீடு. அம்மா இல்லை. அப்பா கந்தசாமி முருங்கைத் தோட்டம் வைத்திருக்கிறார். பெண் பார்க்க வந்தார்கள். பையனைக் கவிதாவுக்குப் பிடித்துவிட்டது. அவளாக வாய் திறந்து அம்மாவிடம் சொல்லியும்விட்டாள். இதற்கு முன்னால் வந்த இரண்டு வரன்களுக்கும் தலையைக் குனிந்துகொண்டு போனவள் அவள். ஆக, இந்த இடம் அமைய வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. பூ வைக்க நாளும் குறித்தாயிற்று.

கந்தசாமியிடம் ஒரே ஒரு குணம். பேசுவார். பெண் பார்க்க வந்த அன்று, தன் தோட்டத்தில் போர் போட்ட கதையைச் சொல்ல ஆரம்பித்தார். முதல் போரில் தண்ணீருக்குப் பதிலாக எத்தனை அடியில் புகை வந்தது, இரண்டாவதில் குழாய் எப்படி மாட்டிக்கொண்டது, மூன்றாவதற்கு ஈசான மூலையை யார் காட்டினார்கள் என்று வரிசையாகப் போனது. மூன்றாவது போரில் தண்ணீர் வருவதற்குள் கேசரி ஆறி, காபி ஆறி, கவிதா நின்ற இடத்திலேயே கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். அதன் பிறகும் தினமும் சாயங்காலம் முருகேசனுக்கு போன் வரும். எடுத்தால் ஒரு மணி நேரம்.

பூ வைப்பதற்கு நாலைந்து நாள் இருக்கும்போது அது நடந்தது. விடியற்காலை. வலை எடுக்கப் படகில் போகிறார்கள். தனத்துக்குக் கணவனிடம் மனசிலிருப்பதைச் சொல்ல வேண்டும். முன்னாலிருந்து சொன்னாள். மோட்டார் இரைச்சலில் முருகேசனுக்கு விளங்கவில்லை, என்ன என்று கேட்டான். இன்னும் சத்தமாகச் சொன்னாள். அப்போதும் விளங்கவில்லை. தனம் எழுந்து நின்று, இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு முழு பலத்தோடு கத்தினாள். அந்த நேரம் பார்த்து மோட்டாரின் இறக்கையில் பாசி சுற்றி, மோட்டார் பொட்டென்று நின்றுவிட்டது.

“பையன் தங்கம்! அவுக அப்பாதான் வாயை மூடவே மாட்டேங்குறாரு!”

அணை முழுக்கக் கேட்டது. எதிர்க்கரையில் மோதிவிட்டு ஒரு முறை திரும்பியும் வந்தது. அந்த எதிர்க்கரையில் முருங்கைக்காய்க் கட்டு கட்டிக்கொண்டிருந்த கந்தசாமி நிமிர்ந்து பார்த்தார். கட்டிக்கொண்டிருந்த கயிற்றை அப்படியே போட்டுவிட்டுத் தோட்டத்துக்குள் போய்விட்டார்.

தனம் படகுக்குள் உட்கார்ந்தவள் கரை வரும்வரை எழுந்திருக்கவில்லையாம்.

அன்று சாயங்காலம் கந்தசாமியின் போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. ஒரு மணி நேரம் பேசுகிறாரே என்று அலுத்துக்கொண்ட குடும்பம், அந்த போன் அடிக்காதா என்று ஏங்க ஆரம்பித்தது. இவர்கள் கூப்பிடவும் பயம். எடுத்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? கவிதா யாரையும் திட்டவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனாள். “அந்தப் போட்டை வித்துருங்கப்பா” என்று மட்டும் சொன்னாளாம். எனக்குப் போன் போட்டு அதைச் சொல்லும்போது முருகேசனின் குரல் உடைந்தது. என்னையும் என் மனைவியையும் கட்டாயம் வரச் சொன்னான். அவர்கள் வந்தால் நான் பேசிச் சமாளிக்க வேண்டுமாம். படகு வாங்கப் போன இடத்தில் என் சாமர்த்தியத்தைப் பார்த்த பிறகும் என்ன நம்பிக்கை பாருங்கள்!

குறித்த நாள் காலை திண்டுக்கல் நாகல் நகரிலிருந்து ஆட்டோ பிடித்து, பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்தோம். வீடு கூட்டி, கோலம் போட்டிருந்தது. பூ, பழத்தட்டு எல்லாம் தயாராக இருந்தது. ஆனால் யாரும் உட்காரவில்லை. வருவார்களா மாட்டார்களா என்று எல்லோர் கண்ணும் வாசலில். தனம் அடுப்படியை விட்டு வெளியே வரவே இல்லை.

வந்தார்கள். வேனிலிருந்து கந்தசாமி, அவருடைய அக்கா, மாப்பிள்ளை, உறவுக்காரர்கள் என்று ஒவ்வொருவராக இறங்கினார்கள். கும்பிட்டோம். கந்தசாமியும் கும்பிட்டார். வந்து பாயில் உட்கார்ந்தார்.

பேசவில்லை.

நல்லா இருக்கீகளா என்று கேட்டால் தலையாட்டினார். காபி கொடுத்தால் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். பேச வேண்டியதையெல்லாம் அவருடைய அக்காவே பேசினார். அதுவும் அளவாக. மற்ற நேரம் மின்விசிறி சத்தம் மட்டும். அன்றைக்கென்று டி.வி.யையும் அணைத்து வைத்திருந்தார்கள். கதவருகே பட்டுப்புடவையில் நின்ற கவிதாவின் கை, முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது.

இப்போது நான் இறங்க வேண்டிய நேரம் என்று முருகேசன் கண்ணைக் காட்டினான். எனக்கு ஒரு யோசனை. போர் போட்ட கதையை எடுத்துக் கொடுத்தால் மனுஷர் தானாக இளகிவிடுவார் இல்லையா?

“மூணாவது போர்ல இப்ப தண்ணி எப்படி இருக்குங்க?” என்றேன்.

“இருக்கு” என்றார்.

அவ்வளவுதான். என் ராஜதந்திரம் அத்தோடு முடிந்தது. மூன்று போரையும் ஒரே வார்த்தையில் மூடிவிட்டாரே, இனி இந்தச் சம்பந்தம் தேறாது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை விளக்க இந்தப் பத்தியில் இடமில்லை.

அடுப்படியிலிருந்து தனம் வெளியே வந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணே, நான் சொன்னது தப்புதான். என் மேல இருக்க கோவத்தை எம்பொண்ணு மேல காட்டிராதீக.”

கந்தசாமி துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பேசலாமா என்பது போல அக்காவைப் பார்த்தார். பிறகுதான் பேசினார்.

“கோவமா? எனக்கென்னம்மா கோவம். என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் தெனமும் இதைத்தான் சொல்லுவா. வாயை மூடுங்க, வாயை மூடுங்கம்பா. அவ போனப்பறம் என்னைய யாரும் வாயை மூடச் சொல்லல. மகன் சொல்ல மாட்டான், மரியாதை. அக்கா பாவம்னு விட்டுரும். அன்னைக்குக் காலைல தண்ணிக்கு மேல அந்தச் சத்தம் வரவும் எனக்குச் செத்த நேரம் ஒண்ணும் ஓடல. அவதான் கூப்பிடுறான்னு நெனச்சுட்டேன்.”

துண்டால் முகத்தைத் துடைத்தார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்ட மாதிரி சொன்னார்.

“நல்ல காரியத்துல நம்ம வாயால ஒண்ணும் கெட்டுறக் கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன். அம்புட்டுத்தான்.”

தனம் அழுதுவிட்டாள். என் மனைவியும் அழுதாள். நான் காபி டம்ளருக்குள் எதையோ தேடினேன். கந்தசாமியின் அக்காதான் முதலில் சுதாரித்துக்கொண்டு, நல்ல நேரம் போகுது, பூவை எடுங்கடி என்று அதட்டினார். கவிதாவுக்குப் பூ வைத்தார்கள்.

அப்புறம்? கந்தசாமி நாலு நாள் பாக்கியையும் சேர்த்துப் பேசினார். மூன்று போரும் புகையோடும் குழாயோடும் மறுபடி வந்தன. சாப்பாட்டுப் பந்தியிலும் தொடர்ந்தது. தனம் பக்கத்தில் நின்று சாம்பார் ஊற்றிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். நடுநடுவே, “வாயை மூடிட்டுச் சாப்பிடுங்கண்ணே” என்று சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். நாமெல்லாம் எதற்கு இப்படிப் பெரிசாக்கிக்கொண்டே போகிறோம்? கல்யாணமான புதிதில் நானும் என் மனைவியும் நாகல் நகரில் ஒற்றை அறையில் இருந்தோம். இப்போது மாடி வைத்த சொந்த வீடு. பிள்ளைகள் வெளியூர் போய்விட்டார்கள். ஆளுக்கு இரண்டு அறை வருகிறது. கீழே சமையலறையில் இருந்துகொண்டு மாடியில் இருக்கும் எனக்கு அவள் போன் போடுகிறாள், சாப்பிட வரச் சொல்லி. நானும் ‘வாரேன்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். வசதி கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்று பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தபோதுதான், அவளுக்கு முழங்கால் வலி இருக்கிற விஷயமே எனக்குத் தெரிந்தது. ஆறு மாதமாக வலிக்கிறதாம்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி அணைக்குப் போயிருந்தேன். படகை விற்றுவிட்டானா என்று பார்க்கத்தான். விற்கவில்லை. கவிதாவே விற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். கல்யாணச் செலவு இருக்கிறதே, இரண்டு வலை கூடப் போட்டால்தானே கட்டுப்படியாகும்?

சாயங்காலம் வலை விரிக்கக் கிளம்பினார்கள். நான் கரையில் நின்று பார்த்தேன். மோட்டார் போட்டுக்கொண்டு போனார்கள். வலை போடும் இடம் வந்ததும் முருகேசன் மோட்டாரை நிறுத்திவிட்டான். தனம் முன்பக்கத்தில் இல்லை. வலையைப் பின்னால் கொண்டுபோய், அவன் பக்கத்திலேயே, முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. என்னவோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரரும் நின்றார். ஒரு வார்த்தைகூட விழவில்லை.

இருபதடிப் படகில் புருஷன் பெண்டாட்டிக்கு மூன்றடி போதுமாக இருக்கிறது. மீதி இடம் மீனுக்கு.